மெர்சியின் இடது கணுக்கால்

இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் சிநேகிதிகளுக்கு வேண்டாம், உனக்கென்று வரப்போகிறவனுக்கும் வேண்டாம், முக்கியமாக உன் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, என்ன ஆனாலும் காட்டாதே. படித்து முடித்ததும் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்துவிடு. கிழித்துப் போட்டால் யாராவது பொறுக்கி ஒட்டிப் படித்துவிடுவார்கள். நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. மகளா மகனா என்றுகூடத் தெரியாது. மகள் என்றே வைத்துக்கொள்கிறேன், பேசச் சுலபமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இன்னும் வராத உன்னிடம் சொல்கிறேன். இதை எழுதும்போது நான் உனக்கு அம்மா. நீ படிக்கும்போது உனக்கு இருபது, இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். வேலைக்கோ, கல்யாணமாகியோ எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருப்பாய். அப்போது இந்தத் தாளில் இருக்கிற நான் உன்னைவிடச் சின்னவள். சின்னப் பெண்ணைத் திட்டுவது போலத் திட்டு, போதும்.

எங்கள் வீடு பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரே அறை. வாசல் கதவை விட்டால் தாழ்ப்பாள் உள்ள கதவு பாத்ரூமுக்கு மட்டும்தான். அதனால் இங்கே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலில் ரெக்கார்டு நோட்டை வைத்து எழுதுகிறேன். பல்பு வெளிச்சம் டிரம் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பிக் கூரையில் அசைகிறது. மேலே இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகக் கடல் சத்தம் வருகிறது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடமே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலவும், நான் மூச்சுவிட மறந்துபோய் உட்கார்ந்திருப்பது போலவும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது பயம் கொஞ்சம் குறைகிறது. அப்புறம் அம்மா வெளியே புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது, மறுபடியும் பயம்.

நாளைக் காலை ஏழு மணிக்கு விமலா அக்கா வருகிறாள். மயிலாப்பூரில் அம்மா வேலை செய்கிற தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கிறவள். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கால் மடங்கிவிட்டது. நான் எண்ணெய் போட்டு நீவிவிடுவேன் என்று அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள். நீவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீவ மாட்டேன் என்றால் ஏன் என்று அம்மா கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், என் சிநேகிதி மெர்சியின் காலைக் கெடுத்தது யார் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இப்படி ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நான் பிறக்கும்போது என் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் கை வைத்தால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. முதுகுப் பிடிப்பு என்றால் மிதிக்கச் சொல்வார்கள். கை, கால் என்றால் எண்ணெயைச் சுடவைத்து நீவச் சொல்வார்கள். "எல்லாப் புள்ளைங்களும் தலைய நீட்டும், இவ கால நீட்டுனா. பொறக்கும்போதே நடந்துக்கினு வந்தவ எம் பொண்ணு" என்று அம்மா சொல்லாத ஆள் இந்த பில்டிங்கில் இல்லை. அப்பா எங்களை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா நாள் முழுக்க யாருடைய ஜாக்கெட்டுக்காகவோ குனிந்தே இருக்கிறாள். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் கழுத்து நிமிரும். அந்த நிமிர்ந்த கழுத்தை நீ பார்த்திருந்தால் என் பயம் என்ன என்று உனக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதில்தான் முதல் ஆள் வந்தார். கீழே ஆட்டோ ஓட்டும் ஏழுமலை மாமா. இடுப்புப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறும்மா, பயப்படாத, நானே சவாரி ஏத்தறவன்தான்" என்றார். நான் ஏறினேன். சுற்றிலும் பெண்கள். "பாத்துடி, அந்தாளு இன்னும் மூணு பொண்ணக் கட்டிக் குடுக்கணும்" என்று யாரோ கத்தினார்கள். என் காலுக்கு அடியில் அவர் முதுகு மணல் மாதிரி நகர்ந்தது. மூன்று தடவை மிதித்ததும் எழுந்து நின்று, இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்து, "போச்சு! போயே போச்சு!" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டே பில்டிங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். அன்றிலிருந்து வாரம் ஒருவராவது வந்தார்கள். ஒரு முழம் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு என்று ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளியில் நான் எதிலும் சுமார்தான். வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஏழுமலை மாமாவுக்கு இரண்டு நாள் சும்மா படுத்திருந்தாலே சரியாகியிருக்கும் என்றோ, சரியாகாதவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை என்றோ எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மெர்சி எங்களுக்குக் கீழ்வீடு. அவள் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி, அடையாறில் வீடு வீடாகப் போய் மீன் விற்கிறவர். மெர்சியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே கோ-கோ அணி. நான் வரிசையில் மண்டியிட்டு, யாராவது முதுகில் தட்டி "கோ" சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிற ஆள். மெர்சி ஓடுகிறவள். துரத்துகிறவளின் விரல் அவள் சட்டையைத் தொடுகிற நேரத்தில் அவள் அங்கே இருக்க மாட்டாள். கம்பத்தைப் பிடித்துச் சுற்றித் திரும்பும்போது ஒரு நொடி அவளுக்கு எடையே இருக்காது. மாவட்ட அணித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்தக் கம்பத்தின் அடியில்தான் அவள் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் எதுவும் இல்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். "மிஸ்ஸு கைல சொல்லிடாத. தெரிஞ்சா உக்கார வெச்சுடுவாங்க. நீதான் கீறியே, சாயங்காலம் எடுத்து உட்டுடு" என்றாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைச் சுடச்சுட எடுத்துக்கொண்டு போனேன். அவள் கணுக்காலின் வெளிப்பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் அந்த வீக்கத்தின் மேலேயே அழுத்தி நீவினேன். "வலிக்குதுடி" என்றாள். "வலிச்சாத்தான் போவும்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் எங்கிருந்து கற்றேன் என்று தெரியவில்லை, எல்லோரும் சொல்வார்கள். அவள் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள். நான் குதிகாலைப் பிடித்து, பாதத்தை இழுத்து, ஒரு பக்கமாகத் திருப்பினேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். கண்ணு, அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! சுளுக்கு எடுத்தாயிற்று என்று நினைத்தேன். மெர்சியும் கண்ணீரோடு சிரித்தாள். வானம் ரோஜா நிறத்தில் இருந்தது, காற்று நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறு நடந்த சாயங்காலம் அவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அவள் பாதம் விரல் வரைக்கும் நீலமும் கறுப்புமாக உப்பியிருந்தது. தரையில் ஊன்ற முடியவில்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டதாக ஆன்ட்டியிடம் சொல்லியிருந்தாள். ஆன்ட்டியின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது. "கண்ணு இன்னா பொடனிலயா கீது? எறங்கற படி தெரியாதா உனுக்கு? ஓடறதுக்கு ஒரு கால் வேணும்டி, அத்தயும் ஒடச்சுக்கினு வந்து நிக்கிற!" சத்தம் கேட்டு அம்மா இறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். "ஏன் ஸ்டெல்லா கத்தற? எம் பொண்ணு கீறா இல்ல? ஒரு வாட்டி நீவி உட்டா எழுந்து ஓடப் போறா" என்றாள் அம்மா. மெர்சி என்னைப் பார்க்காமலே, "வேணாம் ஆன்ட்டி, எலும்பா இருந்தாலும் இருக்கும், ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றினாள். அவளுக்காக வாயைத் திறக்க வேண்டிய நான், சுவரில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, நார் கிழிந்திருக்கிறது என்று சொல்லி, கட்டுப் போட்டு, காலை உயரமாக வைக்கவும் ஐஸ் வைக்கவும் சொல்லி அனுப்பினார்கள். ஐஸுக்கு எங்கே போவது? ஆன்ட்டியின் மீன் பெட்டியிலிருந்துதான். பழைய துண்டில் சுற்றிய ஐஸை நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். உருகிய தண்ணீர் சங்கரா மீன் வாசனையோடு என் மணிக்கட்டு வழியாக வழியும். "என்னியே கொழம்பு வெச்சுடலாம் போல கீது" என்பாள் மெர்சி. அவள் சிரிக்கச் சிரிக்க நான் துண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் மூன்று வாரம் ஆகியும் அவள் இடுப்பை ஒரு பக்கம் தூக்கித்தான் நடந்தாள். நல்ல காலின் முட்டியும் வலிக்கிறது என்றாள். பாதி ராத்திரியில் முதுகு பிடித்துக்கொள்கிறது என்றாள்.

ஆன்ட்டி மீன் கொடுக்கிற வீடுகளில் ஒன்று, அடையாறில் வசந்தி அக்காவுடையது. அவர் ஆஸ்டியோபதி செய்கிறவர். "அது இன்னாமோ பதியாம், வாயில நொழயல. மருந்து கெடையாது, ஊசி கெடையாது, கையாலதான் பாப்பாங்களாம்" என்று ஆன்ட்டி சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையால் என்றால் நான் செய்தது போலத்தானா? கூடப் போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அறை, உயரமான ஒரு படுக்கை, ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம். வசந்தி அக்கா முதலில் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எலும்பு முறிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார். மெர்சியை நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மெர்சி காற்றில் கொடி மாதிரி ஆடினாள். பிறகு அவர் முட்டியைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், முதுகில் விரலை வைத்துப் பார்த்தார்.

"கால் சுளுக்குக்கு இன்னாத்துக்கு முதுகப் பாக்குறீங்க?" என்றார் ஆன்ட்டி.

"மூணு வாரமா ஒரு பக்கமா சாஞ்சே நடந்திருக்கா இல்லயா? வீட்ல ஒருத்தருக்கு முடியலன்னா மத்தவங்கதானே அந்த வேலையையும் சேத்துப் பாக்கறாங்க? முட்டியும் இடுப்பும் அப்படித்தான் பாத்திருக்கு. அதுங்களும் களைச்சுப் போயிருக்கும், ஸ்டெல்லா."

"அப்ப டக்குனு ஒரு ஒட ஒடச்சு சரி பண்ணிடுவீங்களா?"

"ஒடைக்கறதுக்கு நான் எதுக்கு? அத உம் பொண்ணே பண்ணிக்கிட்டு வந்துட்டாளே."

பிறகு அவர் மெர்சியின் குதிகாலை ஒரு உள்ளங்கையில் ஏந்தி, இன்னொரு கையைப் பாதத்தின் மேல் வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். நான் அழுத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் தலையைக் கைமாற்றி வாங்குவது போல இருந்தது. நீண்ட நேரம் கழித்து அந்தக் கை கொஞ்சம் நகர்ந்தது. பாதம்தான் முதலில் நகர்ந்து கையைக் கூட்டிக்கொண்டு போனது போல இருந்தது. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு, தொடை, இடுப்பு என்று ஒவ்வொன்றாக. மின்விசிறி சுற்றியது. கொய்யா இலைகளின் நிழல் வெள்ளைத் துணியில் நீந்தியது. மெர்சி தூங்கிவிட்டாள். வலியில் கடித்த துப்பட்டாவும், இந்தத் தூக்கமும் ஒரே காலுக்குத்தான் நடந்தன என்று நினைத்தபோது என் கட்டைவிரல்கள் சூடாகின. "இது உடனே சரியாகற விஷயம் இல்ல" என்றார் வசந்தி அக்கா, மெதுவாக. "கிழிஞ்ச நார ஒட்ட வைக்கறது உடம்போட வேலை. சுத்தி இறுகிக் கெடக்கறதத் தளர்த்தி விடறது என் வேலை. தினம் பயிற்சி பண்றது அவ வேலை. மூணு பேர்ல ஒருத்தர் ஏமாத்தினாலும் நடக்காது."

மெர்சி எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "இது ஒரு தடவை மடங்கின கால் மாதிரி இல்லையேம்மா. சுளுக்கினப்புறம் யாராவது போட்டு நீவினாங்களா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொய்யா மரத்தைப் பார்த்தேன். "இல்லக்கா, படில விழுந்தேன்" என்றாள் மெர்சி. அவர் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஆன்ட்டியிடம் திரும்பினார். "யார்னாலும் சொல்லி வை. புதுசா சுளுக்கின கால்ல சூடு கூடாது, நீவக் கூடாது. உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருக்கும். அதுல போட்டு முறுக்கினா, கொஞ்சம் கிழிஞ்சது இன்னும் கிழியும்." ஆன்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எவன் நீவறது? அப்டி எவனாச்சும் எம் பொண்ணு கால்ல கை வெச்சிருந்தா கைய ஒடச்சு கடல்ல போட்டிருப்பேன்." நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள் அடையாறு. மற்ற நாட்களில் சாயங்காலம் மொட்டை மாடி. தொட்டிச் சுவரில் உட்கார்ந்து இடது காலின் கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். அ, ஆ என்று ஆரம்பித்தாள். அப்புறம் போரடித்து வார்த்தைகள் எழுதினாள், நான் கண்டுபிடிக்க வேண்டும். பரோட்டா. கணக்கு மிஸ்ஸின் பட்டப்பெயர். ஒரு நாள் மிக மெதுவாக, வலிக்க வலிக்க, நீளமாக ஒன்று எழுதினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் எழுதினாள். "சொல்லாதே." ஏன் என்று கேட்டேன். "உங்கம்மா மூஞ்சிய நெனச்சேன்டி. அதுவும் இல்லாம எங்கம்மாவும் உங்கம்மாவும் சண்ட போட்டா பில்டிங்கு ரெண்டாப் பூடும்" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்றாள். முதலில் பத்து எண்ணுவதற்குள் சாய்ந்தாள். நாள் போகப்போக முப்பது, ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது அவள் விரல்கள் என் தோளில் இறங்கி இறங்கி லேசாகிக்கொண்டே போகும். கடல் இருட்டிவிடும், கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எங்கள் மேல் வந்து போகும். நானும் கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒரு படகில் நிற்பது போல இருக்கும், எங்கே போகிறது என்று தெரியாத படகு.

உனக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். உன் கால் எங்கேயாவது மடங்கும். மடங்கினால் ஓடுவதை உடனே நிறுத்திவிடு, யார் உட்கார வைத்தாலும் பரவாயில்லை. கட்டு, ஐஸ், உயரமாக ஒரு தலையணை, ஓரிரண்டு நாள் ஓய்வு. நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேலேயே தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரேக்குப் போ. ஓய்வு முக்கியம் என்று படுத்தே கிடக்காதே; வலி கொஞ்சம் விட்டதும் காலை அசைக்கக் கற்றுக்கொடு, ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொடு. மடங்கின காலுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று வசந்தி அக்கா சொன்னார். பயிற்சி இல்லாவிட்டால் அது மறுபடியும் மறுபடியும் மடங்குமாம். கையால் பார்க்கிறவர்களிடம் போனால், அவர்கள் முதலில் கேள்வி கேட்கிறார்களா என்று பார். கேட்காமலே கை வைக்கிறவளிடம் காலைக் கொடுக்காதே. நான் மெர்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்னொன்று. நீயும் கால் முன்னால் வந்து பிறந்தால் அதை நான் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன். உன் கையில் ஏதோ இருக்கிறது என்று யாராவது புகழ்ந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் பயப்படு.

இதற்கு நடுவிலேயே தேர்வு நாள் வந்து போய்விட்டது. மெர்சி மைதானத்தின் ஓரத்தில், என் பையின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எடுத்தார்கள். மெர்சிதான் முதலில் கைதட்டினாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனவள் வெகுநேரம் வரவில்லை. அடுத்த வருடம் அவளால் ஓட முடியும் என்று வசந்தி அக்கா நம்புகிறார். அது அடுத்த வருடம்தான். இந்த வருடத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

இன்று மத்தியானம் விமலா அக்கா வரப்போவதை மெர்சியிடம் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "எனுக்குப் பண்ணது தெரியாமப் பண்ண. அது வுடு. அந்தக்காவுக்குப் பண்ணா தெரிஞ்சு பண்றது." நான் லேசாகத் தடவிவிட்டு அனுப்பிவிடுகிறேனே என்றேன். "லேசாவா? அப்புறம் அடுத்த ஆளு வருவான், அவனுக்கும் லேசாவா? கெழவி ஆவற வரிக்கும் தடவிக்கினே இருப்பியா?" அவள் கத்தவில்லை. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டி. ஆனா நீ நாளிக்கு அந்தக் கால்ல கை வெச்சேன்னா எங்கூடப் பேசாத." டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நடையில் சாய்வு இல்லை. அதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

எனக்குப் பயம் அடி வாங்குவது இல்லை. அம்மா அடிக்க மாட்டாள். நாளைக் கடையில், பெருமையாகச் சொல்லிக்கொள்ள இனி என்ன இருக்கிறது என்பது போல அவள் குனிந்துகொண்டால்? ஸ்டெல்லா ஆன்ட்டி எங்கள் வீட்டுப் படி ஏறாமல் போய்விட்டால்? சில சமயம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். நீ எனக்கு எதிரே, இந்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருக்கிறாய். பெரிய பெண், நல்ல புடவை, ஈரத்தில் நனையாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். முகம் மட்டும் தெரியவில்லை, அங்கே வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கிறாய். நீவினேன் என்று சொல்லி உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. சொல்லிவிட்டேன் என்று

தட்டுகிறாள். அம்மா.

"எம்மா நேரம்டி உள்ள? லைட்டு எரியுது, தண்ணி சத்தமே காணோம். வயித்து வலியா?"

இல்லை என்றேன். அப்புறம், கதவைத் திறக்காமலே, நோட்டை மடியில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அம்மா, மெர்சி கால நீவுனது நான். படில எல்லாம் விழல. நான்தான் முறுக்குனேன். விமலாக்காவ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு, நான் நீவ மாட்டேன், இனிமே யாருக்கும்.

போய்விட்டாளா? கதவுக்கு அடியில் அவள் கால் விரல்கள் தெரிகின்றன. அசையாமல் நிற்கிறாள். நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும், அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இப்போது அவள் உட்கார்கிறாள். கதவில் சாய்ந்துகொள்கிறாள் போல, பலகை ஒரு முறை முனகியது.

மறுபடியும் தட்டுகிறாள். இந்த முறை ஒரே ஒரு விரலால், தாழ்வாக, நான் உட்கார்ந்திருக்கிற உயரத்தில். நான் தாழ்ப்பாளை